காபி முதலா, விலை முதலா

வீட்டு புரோக்கர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். "ஏனுங்க்கா, ஊருக்குள்ள இத்தனை புரோக்கர் இருக்கறப்ப, நம்மளைத்தான் கூப்பிடோணும்னு ஒருத்தருக்கு எப்படிங்க தோணும்?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். என்னைப் பலரும் கூப்பிட்டது என் பயத்துக்காகத்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஞ்சு மில்லில் வேலை பார்த்தேன், மில்லை மூடியதும் தெரிந்தவர்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன், அப்படியே விற்பதும் வாங்குவதும் கைக்கு வந்தது. பயம் மட்டும் பிறவியிலேயே வந்தது. ஒரு வீட்டைக் காட்ட வேண்டியிருந்தால் முதல் நாளே போய்க் குழாயைத் திறந்து பார்ப்பேன். மறுநாள் காலையில் தண்ணீர் நின்றிருந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் போவேன். மழை பெய்தால், விற்றுக் கொடுத்த வீடுகள் எல்லாம் எங்கெங்கே ஒழுகும் என்று வரிசையாக ஞாபகம் வரும். இப்போது ஓய்வாக வீட்டில் இருக்கிறேன். இன்னும் மழை பெய்தால் அப்படித்தான்.

நீங்கள் செல்போனில் வீடியோ எடுத்துப் பாட்டெல்லாம் சேர்த்துப் போடுகிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் வீட்டை விற்கப் போகிறவர் உங்கள் வீடியோவைப் பார்ப்பதைவிட, வீட்டுக்குள் வந்ததும் உங்கள் கண் எங்கே போகிறது என்று பார்க்கிறார். இதை எனக்குப் புரிய வைத்தது பிலோமினா டீச்சர்.

ஆர்.எஸ்.புரத்தில் கடைகள் முடிந்து வீடுகள் ஆரம்பிக்கும் குறுக்குத் தெரு ஒன்றில் டீச்சரின் வீடு இருந்தது. மாடி வைத்துக் கட்டிய பழைய மெத்தை வீடு. முன்னால் ஒரு சீத்தாப்பழ மரம். டீச்சரின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மேட்டுப்பாளையத்தில் தங்கை தனியாக இருந்தார். தங்கையின் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இதை விற்றுவிட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது டீச்சரின் திட்டம்.

"எதிரெதிர் வாசல்ல உக்காந்துட்டு அவளும் நானும் தினமும் சண்டை போடோணும் சரசு. போன்ல சண்டை போட்டா திருப்தியாவே இல்ல" என்றார்.

வீட்டை விற்க எந்த புரோக்கரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய டீச்சர் மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தார். முதலில் வந்தவர் காரில் வந்தார், வீட்டுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதாகச் சொன்னார். இரண்டாவது ஆள் டேப் பிடித்து அளந்துவிட்டு, இடித்து அபார்ட்மென்ட் கட்ட ஒரு பில்டர் தயாராக இருப்பதாகவும், சொன்ன தேதியில் பணம் வந்துவிடும் என்றும் சொன்னார். மூன்றாவதாக நான் போனேன். சுற்றிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, அந்த மாடிச் சுவரின் ஈரத்தைப் பார்த்ததிலிருந்து, மழை வந்தால் என்ன ஆகும் என்றே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போனவள், திரும்ப வந்து கதவைத் தட்டினேன்.

"டீச்சர், பின்பக்கக் கதவு தாழ் போடாம இருந்துச்சுங்க. பாத்துப்போட்டு சொல்ல மறந்துட்டனுங்க. நாலு பேரு வந்து போற ஊடு இப்ப. போட்டுருங்க."

மறுநாள் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "அந்த ரெண்டு பேரும் என்ற ஊட்டை எப்படி விக்கறதுன்னு சொன்னாங்க. நீ ஒருத்திதான் அதுக்கு என்ன ஆயிருமோன்னு பயந்தே. நீயே பாரு அம்மணி."

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வாங்குகிறவர்கள் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், இடிக்கக் கூடாது. ஆனால் மேட்டுப்பாளையத்து வீட்டை விற்பவர் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். "அன்னைக்குள்ள ஒரு குடும்பம் அமைஞ்சா சரி. இல்லைன்னா மனசைக் கல்லாக்கிட்டு அந்த பில்டருக்கே கொடுத்துடறேன். என்ற தங்கச்சியை விட இந்தச் செவுரு எனக்கு முக்கியமில்ல."

வந்தவர்களில் ஒரு சின்ன வயதுத் தம்பதிக்கு வீடு பிடித்துப்போனது. சுகன்யா பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண். கணவர் பிரபு பம்பு கம்பெனியில். மாடி ஒழுகுவதை முதல் நாளே நான் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டிவிட்டேன், அப்போதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். "பரவாயில்லைங்க்கா, சரி பண்ணிக்கலாம். எங்கப்பா வந்து பாத்துட்டு அவரே வெலை பேசட்டுங்க" என்றாள் சுகன்யா. அப்பா ரங்கசாமி கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழை விவசாயம் செய்கிறவர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர் வரத் தோதான நாள் என்று சொன்னது, டீச்சர் குறித்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை.

டீச்சர் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, நல்ல கப்புகளை எடுத்துக் கழுவி வைத்திருந்தார். தட்டு நிறைய அச்சுமுறுக்கு, பக்கத்தில் கேக். எனக்கு முதலிலேயே சொல்லி வைத்தார். "சரசு, எங்க ஊட்டுக்குள்ள வந்தவங்க ஒரு வாய் சாப்பிட்டு முடிக்காம காசுப் பேச்சு எடுக்கறதில்ல. எங்கம்மா காலத்துல இருந்து வழக்கம். நீ அவசரப்பட்டு ஆரம்பிச்சுராதே."

"சரிங்க டீச்சர்" என்றேன். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எனக்கே அதிசயமாக இருந்தது.

ரங்கசாமி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் வேர்வை. நல்ல வெயில் காலம். வீட்டை அவர் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார். சமையலறைக்குள் போய் அடுப்பு மேடை முன்னால் நின்று, "டீச்சரம்மா, காலைல இங்க நின்னு சமைக்கறப்ப மூஞ்சிக்கு வெயிலு அடிக்குமுங்களா?" என்று கேட்டார். கூடத்தில் மாதா படம் இருந்த மாடத்தின் முன்னால் நின்று கும்பிட்டார். "படத்தை நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க. இந்த எடம் வெறுமனே கிடந்தா நல்லா இருக்காதுங்களே" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். காபி வந்தது.

"வேண்டாமுங்க டீச்சரம்மா. இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தோமுங்க."

"அட, ஒரு முறுக்காவது எடுத்துக்கங்க. நானே சுட்டது."

"இருக்கட்டுமுங்க."

"தண்ணியாச்சும் குடிங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க."

"தாகமில்லீங்க" என்றார், துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

மாப்பிள்ளை பிரபுவின் கை மெதுவாக அச்சுமுறுக்குத் தட்டை நோக்கிப் போனது. ரங்கசாமி தொண்டையைச் செருமினார். போன கை பாதியில் திரும்பி, அதற்காகவே கிளம்பியது போலத் தலையைச் சொறிந்துகொண்டது.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"அப்பறம், வெலையப் பத்தி டீச்சரம்மா என்ன சொல்றீங்கன்னு..." என்று ஆரம்பித்தார் ரங்கசாமி.

"காபியைக் குடிங்க. பொறகு பேசலாம்."

"காபி கெடக்குதுங்க. நீங்க சொல்லுங்க."

"முதல்ல குடிங்க."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. காபியில் ஆடை படிந்தது. சுகன்யா தரையைப் பார்த்தாள். பிரபு முறுக்கைப் பார்த்தார். டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே டீச்சர் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"பாத்தியா சரசு? நாங்க வேதக்காரங்கன்னு தண்ணி கூட எறங்க மாட்டேங்குது. அந்தத் தம்பி ஆசையா நீட்டுன கையைக் கூட இழுக்க வெச்சுட்டாரு. என்ற கையால ஒரு முறுக்கு திங்கக் கூசறவங்களுக்கு என்ற ஊடு மட்டும் எதுக்கு? மரியாதையாப் பேசி அனுப்பிச்சு உட்ரு. பில்டர் ஆளுக்குப் போனைப் போடு."

சொல்லி வைத்தது போல டீச்சரின் செல்போன் அடித்தது. அந்த இரண்டாவது புரோக்கர்தான். டீச்சர் எடுக்கவில்லை. ஆனால் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களை நம்பி வீட்டைக் கொடுத்தவர், மனசு நொந்து ஒரு சேதியைச் சொல்லி, கொண்டு போ என்கிறார். கொண்டு போவதுதான் வேலை என்று தோன்றும். டீச்சர் நினைத்தது நடக்காத சங்கதியும் இல்லை. அப்படிக் கூசுகிற ஆட்களை நானும் இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன், அவர்களோடு மல்லுக்கட்டவும் செய்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பொருந்தாமல் ஒன்று இடித்தது. அப்படிப்பட்ட மனுஷன், அந்த வீட்டு அடுப்பு மேடையில் நின்று மகள் முகத்தில் வெயில் அடிக்குமா என்று கேட்பாரா? மாதா படம் இல்லாமல் மாடம் வெறுமையாகிவிடுமே என்று கவலைப்படுவாரா?

கோபத்தில் வாயிலிருந்து வந்த சேதியைச் சூடாகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

"டீச்சர், சித்த நேரம் குடுங்க எனக்கு. பாலை மட்டும் அடுப்புல வைங்க" என்றேன்.

"எதுக்கு? குடிக்கறதுக்கு யாரு இருக்காங்க?"

"நான் குடிப்பனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "கண்ணு சுகன்யா, உங்க காரு பக்கத்து ஊட்டுக் கேட்டை மறைச்சுட்டு நிக்குதாட்டம் இருக்குது, வா பாத்துட்டு வரலாம்" என்று அவளை வாசலுக்குக் கூட்டிப் போனேன். கார் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஏங் கண்ணு, உங்கப்பா ஏன் காபியத் தொட மாட்டேங்கறாரு?"

சுகன்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதையேனுங்க்கா கேக்கறீங்க! கார்லயே எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிப்போட்டாரு. பொண்ணு பாக்கப் போற ஊட்டுல பேச்சு முடியாம கை நனைப்பாங்களா, அதே மாதிரிதான் இதுவும்ங்கறாரு."

நம் பக்கத்தில் கல்யாணம் பேசப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதை அவர் வீடு வாங்குவதற்கும் கொண்டு வந்துவிட்டார்.

"போன மாசம் வடவள்ளியில ஒரு ஊடு பாத்தோமுங்க. காபி குடிச்சாரு, பஜ்ஜி சாப்பிட்டாரு, கடைசில தோசையும் சாப்பிட்டுப்போட்டாரு. அப்பறம் வெலை கேட்டா வானத்துல நிக்குது. தின்ன வாயால எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு, யோசிச்சுச் சொல்றமுங்கன்னு வந்துட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அவங்க போன் வந்தா ஒளிஞ்சுக்கறாருங்க்கா. இந்த டீச்சரை அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. காபி குடிச்சா பேரம் பேசவே வாய் வராதுன்னு பயப்படறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்தது. ஒருவர் சாப்பிட வைக்காமல் விலை பேச மாட்டார். இன்னொருவர் விலை பேசாமல் சாப்பிட மாட்டார். இரண்டும் மரியாதைதான். இரண்டு மரியாதையும் ஒரே கூடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ரங்கசாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் பதறிப்போய் உடனே குடித்துவிடுவார். பிறகு டீச்சர் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய், கோபியில் உட்கார்ந்துகொண்டு என் போனுக்கும் ஒளிவார். டீச்சரிடம் சொல்லலாமா? நான் சமாளிக்கக் கதை கட்டுகிறேன் என்று நினைப்பார். நம்பினாலும், சாப்பிடாதவர்களிடம் காசு பேசிய குறை அவர் மனதில் நிற்கும்.

யாருடைய வழக்கத்தையும் மாற்றச் சொல்ல நாம் யார்? நம் வேலை இடம் காட்டுவது. எனக்கு அந்த வார்த்தை தோன்றியதும்தான் வழியும் தோன்றியது.

உள்ளே போய், "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. காம்பவுண்டு எல்லையைக் காட்டோணும்" என்றேன். எல்லையைக் காட்டுவது எப்படியும் நடக்க வேண்டிய வேலை. டீச்சர் விறைப்பாகத்தான் வந்தார், கையில் இன்னும் செல்போன். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு எல்லாரையும் கொண்டுவந்து சுவரோரமாக நிறுத்தினேன்.

"டீச்சர், ஊட்டுக்குள்ளதானுங்களே காசுப் பேச்சு கூடாது? இது கார்ப்பரேஷன் ரோடு. இங்க பேசலாமுங்களா?"

டீச்சர் என்னை முறைத்தார். ரங்கசாமிதான் குழம்பிப் போய்க் கேட்டார். "ஊட்டுக்குள்ள ஏனுங்க பேசக் கூடாது?"

"ஊடு தேடி வந்தவங்க ஒரு வாய் சாப்பிடாம இருக்கறப்ப எப்படிங்க காசு பேசறது?" என்றார் டீச்சர் வெடுக்கென்று.

"அட சாமீ!" என்று ரங்கசாமி இரண்டு கையையும் தூக்கினார். "சாப்பிட்டுப்போட்டா அப்பறம் எப்படிங்க காசு பேசறது?"

எதிர்ச்சுவரோரம் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்த முருகன்தான் முதலில் சிரித்தார். பிறகு சுகன்யா. டீச்சர் கொஞ்ச நேரம் ரங்கசாமியின் முகத்தையே பார்த்தார். அவர் உதடு காய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார் போல. "அதுக்காகவா தாகத்தோட உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"கொல்லுதுங்க டீச்சரம்மா. சீக்கிரமா வெலையச் சொல்லுங்க" என்றார் ரங்கசாமி.

தெருவில் நின்று வீட்டுக்கு விலை பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டீச்சர் ஒரு விலை சொன்னார். ரங்கசாமி ஒரு விலை சொன்னார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "டீச்சர், எறங்காதீங்க!" என்று குரல் கொடுத்தார். முருகன் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கய்யா, மாடியில ஒழுகற எடத்தைப் பாத்தீங்களா?" என்றார்.

"ஏன்டா முருகா, இத்தனை வருஷம் என்ற சேலையைத் தேச்சுப்போட்டு இப்படியாடா காலை வாருவே?" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் இந்த அம்மணி முதல் நாளே என்ற பொண்ணுகிட்டச் சொல்லிப்போட்டாங்க. இவங்க சொன்னதைக் கேட்டப்ப, இந்த ஊடு இன்னும் நின்னுட்டு இருக்கறதே அதிசயம்னு நெனச்சனுங்க" என்றார் ரங்கசாமி. தெருவே சிரித்தது.

இரண்டு பேரும் இறங்கியும் ஏறியும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார்கள். இதற்கு மேல் "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்றுதான் போனது. விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு இருக்கிறது, முதலில் வாயைத் திறக்க யாருக்கும் வரவில்லை. நம்மைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பது இந்த நேரத்துக்காகத்தான், மறந்துவிடாதீர்கள். அவர்களால் சொல்ல முடியாத தொகையை நாம் சொல்ல வேண்டும். யார் கோபப்பட்டாலும் அது நம் மேல் விழ வேண்டும்.

நான் ஒரு தொகையைச் சொன்னேன். ஈரமான மாடிச் சுவரைச் சரி செய்யும் செலவை டீச்சர் விலையில் கழித்துக்கொள்ளட்டும், வேலையை அவர்கள் செய்துகொள்ளட்டும் என்று நான் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தது. சரியாகக் கேட்காமல் போயிருக்குமோ என்று மறுபடியும் ஒரு தடவை சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்றோம். ஆட்டோ தாண்டிப் போனதும் பார்த்தால், டீச்சரும் ரங்கசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரின் போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். "ஊடு முடிஞ்சுருச்சுங்க... ஆமாங்க, குடியிருக்கத்தான்... இல்லீங்க, இப்பப் பேச நேரமில்ல, காபி ஆறிட்டு இருக்குது."

ரங்கசாமி நேராகக் காருக்குப் போய்ப் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே முழு வாழைத்தார் ஒன்று சாக்கில் சுற்றி இருந்தது, இரண்டு பக்கமும் தேங்காய்கள்.

"இதை ஏனுங்க உள்ளயே வெச்சிருந்தீங்க?" என்றார் டீச்சர்.

"முடியாமப் போனா எப்படிங்க குடுக்கறது? முடியலைன்னா திருப்பிக் கோபிக்கே கொண்டு போயிருப்பனுங்க. ஊட்டுக்காரி என்னைய உள்ளயே உட்டிருக்க மாட்டா."

உள்ளே போனதும் அவர் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். ஆடை படிந்திருந்த காபியைக் கீழே ஊற்ற விடவில்லை, அதையும் குடித்தார். பிரபு மாமனாரைப் பார்த்தார், மாமனார் கையை அசைத்தார், அவ்வளவுதான், அச்சுமுறுக்குத் தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. டீச்சர் எனக்கும் ஒரு தட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னார். நான், பத்திரப் பதிவு அன்று மழை வந்தால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன். "சரசு, கேக்கைத் தின்னுட்டுப் பயப்படு" என்றார்.

இரண்டாவது சுற்றுக் காபிக்கு டீச்சர் எழுந்தார். சுகன்யா அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். "நீங்க இருங்க டீச்சர், நான் போட்டுட்டு வாரேன். அடுப்படி தெரியுமுங்க. சர்க்கரை எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். உள்ளே டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு, எழுந்து போகலாமா வேண்டாமா என்பது போல நாற்காலி நுனியில் இருந்தார். பிறகு மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பத்திரம், பதிவு, சாவி எல்லாம் அதற்கப்புறம் முறையாக நடந்தன. மழை வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் அக்காவும் தங்கச்சியும் இப்போது எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து திருப்தியாகச் சண்டை போடுகிறார்கள் என்று கேள்வி. ஆனால் வீடு கை மாறியது எப்போது என்று என்னைக் கேட்டால், சுகன்யா காபியைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்த அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். சுகன்யா பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்குதுங்களா டீச்சர்?"

"சர்க்கரை தூக்கலாத்தான் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு டீச்சர் இன்னொரு வாய் குடித்தார். "விருந்தாளியா வந்தவ குறை சொல்லக் கூடாதில்ல?"